கறுப்புத் தேன் சர்க்கரை இல்லையாம்

மின்மீட்டர் கணக்கெடுக்கும் பஸ்யூனிக்குத் தொந்தி விழுந்ததில் தெருவுக்கே சந்தோஷம். மன்சூரா நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில் சதை போடுவதை 'ஆரோக்கியம் வருவது' என்றுதான் சொல்வார்கள்.

"உஸ்தாத், ஆரோக்கியம் வந்துடுச்சே! மாஷா அல்லாஹ்!"

பஸ்யூனி பெருமையோடு தொந்தியைத் தட்டிக்கொள்வார். அவர் தங்கை ஷவ்கியாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தொந்திக்குள் கிடப்பது அவளுடைய ஈரல்.

இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலைக் கிருமி பஸ்யூனியின் ஈரலைத் தின்று முடித்தது. கூடப் பிறந்த ஆண்கள் மூவரும் ஆளுக்கொரு நோயைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் பள்ளியில் எழுத்தராக இருந்த ஷவ்கியாதான் தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் குனிந்தால் தழும்பு இழுக்கும்.

உடம்பு புது ஈரலை ஒதுக்கிவிடாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிட்டன. சர்க்கரையையும் ஏற்றின. பஸ்யூனி அந்தப் பசியை ஈரலின் பலம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஷவ்கியாவோட ஈரலாச்சே, அவளை மாதிரியே தின்னுது!"

எலும்பும் தோலுமாக நிற்கும் ஷவ்கியாவைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார்.

சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டரம்மா சீனியை நிறுத்தச் சொன்னார். பஸ்யூனி நிறுத்தினார். வீடு வீடாக அந்தத் தியாகத்தைச் சொல்லிச் சீனி போடாத டீ வாங்கிக் குடித்தார். ஷவ்கியா ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, தெருக்காரர்கள் கொடுத்த, நெய் சொட்டும் அடுக்கு ரொட்டியான ஃபதீரைக் கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே அது?"

"கறுப்புத் தேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சீனி வேணாம்னாங்க. தேனை யாரு வேணாம்னா? தேன் மருந்துடி."

"எந்தத் தேனீ போட்டுச்சு இதை? கரும்பைப் பிழிஞ்சு காய்ச்சின பாகு. சீனிக்கு அப்பன்!"

"பேருலயே தேன் இருக்குல்ல?" என்று சொல்லி விரலை நக்கினார். மீட்டரில் எண்ணைப் பார்த்து எழுதுவதற்கு மேல் அந்த மண்டையில் எதுவும் ஏறாது என்று ஷவ்கியா முடிவுகட்டினாள்.

அடுத்த பரிசோதனையில் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இப்படியே போனால் இந்த ஈரலும் கெட்டுவிடும் என்றார் டாக்டரம்மா.

பஸ்யூனி பதறவில்லை. மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். "குடுத்தவங்களுக்கு ஈரல் மறுபடி வளர்ந்துடும்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

ஷவ்கியா எழுந்து நின்றாள். "நான் என்ன கீரைப் பாத்தியா, அறுக்க அறுக்கத் துளிர்க்க?"

ஒருவரிடம் ஒருமுறைதான் எடுக்க முடியும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் பஸ்யூனியின் முகம் செத்தது. அதுவும் சாப்பாட்டு வேளை வரைக்கும்தான்.

மறுநாள் ஷவ்கியா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அவருக்கு முன்னால் தெருவில் நடந்தாள். கையில் ஒரு நோட்டு.

"மீட்டர் பார்க்க வர்றார். மீட்டரை மட்டும் காட்டுங்க. ஃபதீர் குடுக்கறவங்க அடுத்த ஈரலையும் குடுக்கணும். பேர் எழுதிக்கிறேன்."

தெருவிலேயே தாராளக்காரி உம் ஹிந்த். வாசல்வரை தட்டைக் கொண்டுவந்துவிட்டவள், அப்படியே துணியைப் போட்டு மூடினாள். "எனக்கு பிரஷர் இருக்கும்மா... எம் பேரை எழுதிடாதே."

அதற்குப் பிறகு பஸ்யூனிக்கு எந்த வாசலிலும் வெள்ளரிக்காய்தான். ஆரோக்கியம் வந்துவிட்டதென்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. தங்கையோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து சர்க்கரை இறங்கியது, ஈரலில் கொழுப்பும் குறைந்தது. டாக்டரம்மா பாராட்டினார்.

பஸ்யூனி நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் மன உறுதி, டாக்டர்."

ஷவ்கியா பரிசோதனைத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்த மன உறுதி நேத்து உம் ஹிந்த் வீட்டுப் பின்கதவைத் தட்டிச்சு, டாக்டர். அவங்கதான் தொறக்கலை."