கழியோரம் பிரித்த கார்

இன்று முட்டுக்காட்டில் எங்கள் பஸ் பஞ்சர். டயர் மாற்றும்வரை எல்லோரும் இறங்கி நின்றோம்.

உப்பங்கழியோரம் ஒருவர் பழைய கறுப்புக் கார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அந்தப் பெரிய கார்களை யாரும் வைத்துக்கொள்வதில்லை. இதெல்லாம் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டேன்.

"ஸ்பிரிங் பட்டைய கொல்லன் வாங்கிக்குவான் சார், அருவா அடிக்க. டயரு செருப்பாயிடும். சீட்டு சலூனுக்குப் போவுது."

பிறகு, என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை டப்பாவோடு தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார்.

கழியில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"இன்னா அண்ணாத்த, அத்த எங்க எட்த்துகினு வர்ற?"

"கொட்டத்தான். இத்த யாரு வாங்குவா?"

"இங்க கொட்டாத. போன தபா ஒருத்தன் கொட்டிட்டான். எறா பூரா எண்ண நாத்தம், சந்தையில ஒருத்தரும் தொடல. எங்க வூட்ல அடுப்பெரியல."

சொல்லிக்கொண்டே கரையேறி அவர் எதிரில் வந்து நின்றாள். ஈரம் சொட்டச் சொட்ட நின்றவள் நகரவில்லை.

"மாட்டு வண்டிக்காரங்களக் கேளு. அச்சுக்குப் பூச வாங்கிக்குவாங்க."

 அவர் டப்பாவோடு ரோட்டுக்கு வந்து, அந்த வழியாக வந்த சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டு வண்டியை நிறுத்தினார். வண்டிக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

ஸ்டியரிங்கை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லையாம். எதற்காவது ஆகும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவரிடம் சொல்லிவிடுகிறேன்.