ஜும்ஆ நேரத்து வாய்க்கால்

“இந்த ‘இல்லை’ எந்தக் கிழம போட்ட ‘இல்லை’, றபீக்?”

மேனேஜர் ஜெஸீமா மேடம் என் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். நான் கல்முனைக் கிளையில் கடன் அதிகாரி. மாவடிப்பள்ளிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், நெல் அவிக்கப் புது பொயிலர் வாங்கக் கடன் கேட்டிருந்தார். வெளிநாட்டு நிதியம் ஒன்று எங்கள் வங்கிக்குத் தந்த பணம் அது. தண்ணீரையும் ஊரையும் கெடுக்கும் தொழிலுக்கு அதில் ஒரு சதமும் போகக்கூடாது என்பது நிபந்தனை. ‘கழிவுநீர் வெளியே போகிறதா?’ என்ற கேள்விக்குத்தான் நான் ‘இல்லை’ எழுதியிருந்தேன்.

“புதன்கிழம மேடம். ஆலைக்குப் பக்கத்து வாய்க்கால் கண்ணாடி மாதிரி இரிந்திச்சி.”

“அப்ப நான் வெள்ளிக்கிழம போறன். நீங்க ஜும்ஆவுக்குப் போங்க.”

விஷயமே அதில்தான் இருந்தது. வெள்ளி மதியம் எங்கள் ஊர்களில் ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில். எங்கள் கிளையிலிருந்து எந்த அதிகாரியும் அந்த நேரம் ஆலை பார்க்கப் போனதில்லை.

மேடம் போனபோது வாய்க்கால் பழுப்பாய் நுரைத்து ஓடியது. துணி துவைக்க வந்த ஒரு பெண் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம்.

“என்ன ராத்தா, துவைக்கல்லயா?”

“இண்டைக்கு வெள்ளிதானே புள்ள. ஆலைத் தண்ணி போய் முடியட்டும். அந்த நாத்தம் ஏறினா மறுகா அத்தர் ஊத்தித்தான் உடுப்புக் காயப்போடணும்!”

கடன் நிறுத்தி வைக்கப்பட்டதை அறிந்து, திங்கட்கிழமை ஹாஜியார் கிளைக்கு வந்து சத்தம் போட்டார். “ஊருக்கு வேல குடுக்கிறன். நீங்க தராட்டி வேற பேங்க் இல்லயா?”

“இரிக்கி ஹாஜியார். ஆனா அந்தத் தண்ணிதானே உங்கட வயலுக்கும் பாயிது? தரமாட்டன் எண்டு நான் சொல்லல்ல. முதல்ல கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ற தொட்டி கட்டுங்க. அதுக்கும் சேத்துக் கடன் தாறம்,” என்றார் மேடம்.

ஹாஜியாரின் குரல் இறங்கியது. “தொட்டிக்குமா?”

“ஓம், தொட்டிக்கும்தான்.”

நிதியமும் சம்மதித்தது. கடனை மறுத்துவிட்டுக் கைகழுவுவது லேசான வேலை. அப்படிச் செய்திருந்தால் பழைய பொயிலரும் பழுப்புத் தண்ணீரும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய இடத்துப் பணம் நம்முடைய வாய்க்கால்வரை வந்து அக்கறை காட்டியதை அன்றுதான் கண்டேன்.

தொட்டி கட்டி முடிந்த பிறகு, ஒரு வெள்ளி மதியம் மேடம் மறுபடியும் போய் வந்தார். அந்த ராத்தா துவைத்துக்கொண்டிருந்தாராம். அதன்பிறகே பொயிலர் பணம் விடப்பட்டது. பழைய படிவத்தில் என் ‘இல்லை’யை நானே வெட்டித் திருத்திக் கையெழுத்து வைத்தேன்.

அன்றிலிருந்து எந்த இடம் பார்க்கப் போனாலும், பேனாவைத் திறக்கமுன் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் கேட்டுவிடுவேன்:

“நாங்க இல்லாத நேரம் இங்க என்ன நடக்குது?”