பாலத்தைத் தொடாதவர்கள் விதைத்த வயல்

எண்பதுகளின் நடுவில், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் குறுக்கே அரசாங்கம் பாலம் கட்ட வந்தது. பாலத்துக்கு முன்பே தொழிலாளர் சங்கம் முளைத்துவிட்டது. சங்கத்தோடு ஒப்பந்தமும் வந்தது: உள்ளூர் ஆட்களைத் தவிர யாரும் இந்தப் பாலத்தில் கை வைக்கக் கூடாது. காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டார், நாங்கள் வெடி போட்டோம். உள்ளூரில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நான்கூடக் கம்பி கட்டுகிறவன் ஆனேன். கம்பியைவிட என் விரல்களைத்தான் அதிகம் கட்டினேன்.

தூணுக்குப் பள்ளம் தோண்டிக் கம்பியும் இறக்கியாயிற்று. கான்கிரீட் போட வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. எங்கள் ஊர் மழை சம்பந்தி மாதிரி. வரும்போது ஆள் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போய்விடும். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். மறுநாள் பாலத்தில் காக்கை மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

மேற்கே பெய்த தண்ணீர் எந்நேரமும் வரத்துக்காலில் இறங்கலாம். இறங்கினால் பள்ளம் மூடிக்கொள்ளும். காண்ட்ராக்டர் பதறிப்போய் ராமேஸ்வரம் பக்கமிருந்து ஒரு லாரி ஆட்களைக் கொண்டுவந்தார். கடல் கொந்தளிப்பில் படகு இறக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள். நாங்கள் சேற்றுக்காலோடு ஓடிப்போய் லாரியை மறித்தோம்.

"நீங்களும் வரமாட்டீக, வாரவனையும் விடமாட்டீக. நான் எங்கன போய் முட்டிக்கிற?" என்றார் காண்ட்ராக்டர்.

"வெதச்சுட்டு வாரோம்" என்றார் சங்கத் தலைவர்.

"அதுக்குள்ள குழி தூந்துரும்யா!"

என் அத்தை சித்தாள்களுக்குத் தலைவி. அவளுக்கு இருந்தது ஒரு குத்தகை வயல். இந்த ஈரத்தை விட்டால் அந்த வருஷம் வீட்டில் நெல் கிடையாது. பாலத்தை விட்டால் அடுத்த வேலையில் எங்கள் ஒப்பந்தத்தை யாரும் மதிக்கமாட்டார்கள். அவள் லாரியின் பலகையைத் தட்டினாள்.

"ஏலே, பாலத்துலதான கை வைக்கக் கூடாது? வயலுல வைக்கலாம்ல. எறங்குங்க."

"எங்களுக்கு வெதைக்கத் தெரியாதேக்கா."

"வலை வீசுவீகள்ல?"

"வீசுவோம்."

"அம்புட்டுத்தான். இங்கன எதுவும் நழுவி ஓடாது. பயப்படாம வீசுங்க."

காண்ட்ராக்டர் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேகத்தைப் பார்த்தார். கூலி காண்ட்ராக்டருடையது, விதை எங்களுடையது. அவர்கள் வயலில் இறங்கினார்கள், நாங்கள் பள்ளத்தில் இறங்கினோம். கை மாற்றிக் கை மாற்றிக் கலவைச் சட்டி ஓட, நடுநடுவே நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பை ஒடித்து, தோளைச் சுழற்றி, வானத்தில் வட்டமாக நெல் விரித்தார்கள். ஒரு நிமிஷம் வயலில் அலை அடித்தது. தலைவர் கத்திய பிறகுதான் சட்டி என் காலில் கவிழ்ந்திருந்தது தெரிந்தது.

தண்ணீர் வரும் முன் கான்கிரீட் இறுகிவிட்டது. பயிரும் முளைத்தது, வட்டம் வட்டமாக. வட்டத்துக்குள் அடர்த்தி, வெளியே வழுக்கை. அத்தை வரப்பில் நின்று கடலையே திட்டினாள். பிறகு காண்ட்ராக்டரிடம் போனாள்.

"வெதச்சது ஒங்க ஆளு. அடர்த்தியப் பிடுங்கி வழுக்கையில ஊனவும் அவுகதான் வரணும்."

"அது ஒப்பந்தத்துல இல்லையேம்மா!"

"சரி. அப்ப அடுத்த தூணுக்கு நாங்க வாரதப் பத்தி யோசிச்சுச் சொல்றோம்."

இரண்டு நாளில் அதே லாரி வந்தது. பாலத்தருகே வேகம்கூடக் குறைக்காமல் நேரே அத்தை வயலுக்குப் போனது. தை மாதம் அவள் வாசலில் நெல் காய்ந்தது. பாலத்துக்கு மேல்தளம் வர இன்னொரு கோடை ஆயிற்று.