டிக்கிக்குள் எரிந்த விளக்கு

போன கிழமை மகளின் கார் அசைய மறுத்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கார் கராஜுக்குள் படுத்துக் கிடந்தே பற்றரி இறங்கிப்போயிருந்தது. உதவிக்கு வந்த இளைஞன் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இரண்டு கவ்விகளை மாட்டினான். தேத்தண்ணி குடிக்கிறீரா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் எஞ்சின் உறுமியது, அவனும் போய்விட்டான். போனட்டைத் திறந்தபோது வந்த வாசம் மட்டும் போகவில்லை. சூடேறாத ரப்பர், காய்ந்த எண்ணெய், அதற்கடியில் மூக்கைச் சுள்ளென்று தொடுகிற அமிலம். பூ வாசத்தில் ஊர் ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பற்றரி வாசத்தில் மெல்பேர்ன் ஞாபகம் வருகிறது, மெல்பேர்னிலேயே இருந்துகொண்டு.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்னின் புறநகரான சன்ஷைனில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அந்தக் குளிர்காலத்தில் வெயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததே குறைவு. என் கணவருக்கு நகரத்தில் பொறியியல் வேலை கிடைக்கவில்லை. நாட்டின் வடமேற்கில் இரும்புச் சுரங்கம் ஒன்றில் கிடைத்தது. பெண்சாதிமாரைக் கூட்டிப்போக முடியாத இடம். புறப்படும்போது, அரும்பாடுபட்டு வாங்கியிருந்த எங்கள் பழைய வெள்ளைக் காரை எனக்குக் காட்டி, எனக்குக் கார் ஓடத் தெரியாது என்பதால் ஒரேயொரு பொறுப்பைத் தந்தார்.

"ஞாயிறுக்கு ஞாயிறு ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டுட்டு நிப்பாட்டும். இல்லாட்டி பற்றரி செத்துப்போம்."

அப்படியே செய்தேன். சேலைக்கு மேலே அவருடைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் காருக்குள் இருந்து, குளிர்ந்த எஞ்சினுக்கான சோக்கை இழுத்து, திறப்பைச் சாவித் துவாரத்தில் இட்டுத் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு நிறுத்திவிட்டு இறங்கி வந்து சோறு வடிப்பேன். நன்றாக உடுத்தி வெளிக்கிட்டு எங்கேயும் போகாமல் திரும்பி வருகிற என்னைப் பக்கத்து வீட்டு எலேனி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேக்கத்திலிருந்து வந்தவள், என் வயதுதான். அது எங்கள் சமயத்தில் ஏதோ விரதம் என்று நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். முழுக்கப் பிழை என்றும் சொல்வதற்கில்லை. அந்த எஞ்சின் சத்தம் கேட்டால், அவர் அடுத்த அறையில் இருமுவதைப் போல எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

இவ்வளவு செய்தும் ஒரு ஞாயிறு திறப்பைத் திருப்பியபோது டிக் டிக் என்று மட்டும் சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. எலேனியின் கணவர் கோஸ்தா தன் காரிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் அதே கதை. எனக்கு வந்தது கவலையை விட ஆச்சரியம். யாரும் தொடாத பொருள் எப்படிக் களைக்கும்? யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவள் நான். மின்கலம் என்றால் கரும்பலகையில் நெட்டையாக ஒரு கோடு, குட்டையாக ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு பற்றரியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு பற்றரியின் ஒரு வயரைக் கழற்றினேன். திரும்ப வைக்கும்போது சிறிய பொறி ஒன்று துள்ளியது. எல்லாம் அணைந்திருக்கிற காரில் பொறி எப்படி? எதுவோ உள்ளேயிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது. முன்விளக்கு, பின்விளக்கு, கூரை விளக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. மிச்சம் இருந்தது டிக்கி விளக்கு ஒன்றுதான். திறந்தால் எரியும், மூடினால் அணையும். மூடினால் அணைகிறதென்று யார் பார்த்தது? குளிர்பெட்டிக்கும் இதே சந்தேகம் உண்டல்லவா. ஆனால் குளிர்பெட்டிக்குள் நான் புகமுடியாது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தேன். எலேனியைக் கூப்பிட்டு, மூடு என்று கையால் காட்டினேன். அவள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"யூ இன்சைட்? வை?"

"ஒன் மினிட்," என்றேன்.

நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுவிட்டு மூடினாள். விளக்கு அணையவில்லை. என் மூக்குக்கு நேரே மஞ்சளாக, ஒரு வெட்கமும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் கழித்துத்தான், டிக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும், திறப்பு என்னோடு உள்ளே, போட்டிருக்கிற கோட்டுப் பையில் இருக்கிறது என்பது உறைத்தது.

வெளியே எலேனி இழுத்துப் பார்த்துவிட்டுக் கிரேக்கத்தில் ஏதோ சொன்னாள்.  எனக்கு மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. ஆனால் வெளிச்சம் இருந்தது. பற்றரியைத் திருடிய அந்த விளக்கிலேயே சுற்றிப் பார்த்தேன். பின் ஆசனத்துக்கும் டிக்கிக்கும் நடுவே கனத்த காட்போட் மட்டை ஒன்று அடித்திருந்தது; அதன் ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது. தட்டித் தட்டி எலேனியைக் காருக்குள் வரவைத்தேன். அவள் ஆசனத்தைப் பிடித்து இழுத்த இழுவையில் அது கையோடு வந்துவிட்டது. இடுக்கு வழியாகத் திறப்பை நீட்டினேன். மாவு பூசிய விரல்கள் அதை வாங்கின. டிக்கி திறந்ததும் அவள் என்னைத் திட்டவா கட்டிப்பிடிக்கவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அன்றைக்கு அவளுடைய குசினியில் உட்கார்ந்து கீரை வைத்த பேஸ்ட்ரி தின்றேன். அதுவரை நாங்கள் வேலியோடு சிரித்துக்கொள்கிறவர்கள் மட்டும்தான்.

டிக்கி விளக்கின் குமிழைக் கழற்றிய பிறகு பற்றரி தாக்குப் பிடித்தது. ஆனாலும் ஞாயிறுக்கு ஞாயிறு அதன் குரல் மெலிந்துகொண்டே போனது. இந்த முறை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். எஞ்சின் சும்மா ஓடும்போது அது மினுங்கும். ஆக்ஸிலேட்டரைக் காலால் அமத்தினால் அணையும். எங்களுடையதைப் போன்ற பழைய கார்களில் பற்றரிக்கு மின்சாரம் ஊட்டுவது டைனமோ. மெதுவாகச் சுற்றினால் அது ஒன்றும் கொடுக்காது. அப்படியென்றால் நான் ஸ்டார்ட் பண்ணுவதற்குச் செலவழித்ததைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரதம் என்று பார்த்தால், பற்றரிதான் இருந்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஓட்டம்.

கணவர் சுரங்கத்திலிருந்து போன் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கிக் கதைக்கு நன்றாகச் சிரித்தார்.

"இஞ்சருங்கோ, இனி ஓடாமல் சரிவராது. நான் பழகப்போறன்."



"பழகும். கிளட்ச்தான் பாவம்," என்றார்.

கோஸ்தா டயர் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு ஓய்வு. அவர் என் பக்கத்தில், எலேனி பின்னால் சிலுவைக் குறியோடு. அந்த நாளில் சனி மத்தியானம் கடைகள் பூட்டினால் திங்கள் வரை நகரம் மூச்சே விடாது. வீட்டிலிருந்து மேற்கே போனால் ட்ருகனினா. முட்செடியும் கருங்கல் வேலிகளும் செம்மறிகளும் தவிர வேறொன்றும் இல்லாத வெளி. அதன் நடுவே நேராக ஒரு வீதி. கோஸ்தா அதிகம் பேசமாட்டார். இரண்டாம் கியரில் நான் எஞ்சினைக் கத்தவிட்டால் "மை பிரெண்ட், லிசின்" என்று அதையே காட்டுவார். கேட்கப் பழகினேன். சிவப்பு விளக்கு அணைந்தே கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே ஓடினேன். வீதியைப் பாருங்கள் என்று பின்னாலிருந்து எலேனி தோளில் தட்டுவாள். பிறகு ஒருநாள் அவளும் ஸ்டியரிங் பிடிக்க முன்னுக்கு வந்து இருந்தாள். கோஸ்தா இதை எதிர்பார்க்கவில்லை; நான்தான் அவளை இழுத்து இருத்தினேன்.

வருஷம் முடிய என் கணவர் திரும்பினார். ரயில் நிலையத்துக்கு நான் காரில் போயிருந்தேன். வெயிலில் கறுத்து, மெலிந்து வந்தவர் பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு வழக்கம்போல் வலப்பக்கக் கதவுக்கு வந்தார். நான் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"சரி, ஓடும் பாப்பம்," என்று மற்றப் பக்கம் போனார்.

வீடு வரும்வரை அவருடைய கால் இல்லாத பிரேக்கை அமத்திக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தியபிறகு மெதுவாக, "என்னைவிட நல்லா ஓடுறீர்," என்றார். அடுத்த வருஷம் பஸ் போகாத ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கார் ஒருநாளும் சும்மா நிற்கவில்லை.

போன மாதம் உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் புதுவீட்டுக்கு ட்ருகனினா போயிருந்தேன். பண்டகசாலைகள், சுற்றுவட்டங்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஞாயிற்றுக்கிழமையிலும் நகராத வாகன வரிசை. செம்மறி நின்ற இடத்தில் தோசைக்கடை இருக்கிறது. குறை சொல்லவில்லை, தோசை நன்றாகவே இருந்தது. அந்த நேர் வீதி எந்த மதிலுக்கு அடியில் போயிற்று என்றுதான் தெரியவில்லை. அந்த நாளில், அந்த வெறும் வெளியில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தால், முட்செடிக்குள் காற்று போகிற சத்தம் கேட்கும். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பாஷையில் அதைக் கேட்டுக்கொண்டு இருப்போம். கோஸ்தா போய்ச் சேர்ந்து நெடுநாள். இந்த இடம்தானே என்று கேட்க இப்போது எலேனியும் இல்லை.