கலியாண வேட்டியும் ஈயக் குண்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பல் வைத்தியரை, புக்கெகோஹி என்ற வெளிநாட்டு ஊருக்குப் பக்கத்துச் சுடுதளத்தில் சந்தித்தேன். குழல்வாய் வழியாக வெடிமருந்தும் ஈய உருண்டையும் இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு நினைத்த இடத்துக்குப் போகாது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைப்பார். குண்டைச் சுற்றும் துணியை மாற்றி மாற்றிப் பார்த்தார்; கடைசியில் ஒரு பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றியபோதுதான் குறி நிலைத்தது.

"கலியாண வேட்டி. இனி வேற எதுக்கு உதவும்?" என்றார்.

வேட்டைக்கு என்னையும் கூட்டிப்போனார். மான் வந்து எட்டத்தில் நின்று மேய்ந்தது. அவர் சுடவில்லை.

"ஏன் விட்டனீங்கள்?"

"இந்தத் தூரத்தில காயம்தான் படும். போன முறை ஒண்டு காயத்தோட ஓடினது. தேடியும் கிடைக்கேல்லை."

மான் போனதும், குழலைக் காலிசெய்ய, அது நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைக் குறிபார்த்துச் சுட்டார். போய்ப் பார்த்தோம்; குண்டு குறிவைத்த இடத்திலேயே இறங்கியிருந்தது. "மானிலயும் சரியாப் பட்டிருக்கும்," என்றார்.

வருந்தினாரா, மகிழ்ந்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.