தூரத்தில் ஒருவர் என் தலைக்குள் பார்த்தார்

இறால் உரித்துக்கொண்டிருந்தபோது வலது கை தானாகத் துள்ளத் தொடங்கியது. மற்றக் கையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. கணவர் யூட்டைக் கூப்பிட வாயெடுத்தேன். நாக்குப் புரளவில்லை. அதன்பின் கண் விழித்தது முல்லைத்தீவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

வலிப்பு என்றார் வார்ட்டில் இருந்த இளம் வைத்தியர். சி.ரி. ஸ்கான் (தலையை அடுக்கடுக்காகப் படம்பிடிப்பது) எடுத்தார்கள். படத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, கட்டியாக இருக்கலாம் என்று அவர் யூட்டிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

"ரிப்போர்ட் எப்ப வரும், டொக்டர்?" என்று நானே கேட்டேன்.

"படம் பார்க்கிற நிபுணர் இங்க இல்லை அம்மா. இன்ரநெற்றில கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம். அவா பார்த்துச் சொல்லுவா."

நான் ஒருநாளும் பார்க்காத என் தலைக்குள், முகம் தெரியாத ஒருவர் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை நினைக்கவே பயமாக இருந்தது. யூட்டின் சேர்ட் பொத்தானையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இதற்கிடையில் எம்.ஆர்.ஐ. (வலிய காந்தத்தால் எடுக்கும் படம்) எடுக்க வேறு ஊருக்கு அனுப்ப ஆயத்தம் செய்தார்கள். உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

அம்புலன்சுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகையில் அவர் போனோடு ஓடிவந்தார். "நிபுணர் உங்களோட கதைக்கவேணுமாம்."

"அம்மா, தலையில எப்பவாவது காயம் பட்டதோ?" பெண் குரல்.

"ஓம், சண்டை நேரம் ஷெல் குண்டு வெடிச்சுத் துண்டு பட்டது. துண்டை எடுத்தாச்சு எண்டு அம்மா சொன்னவா."

போனில் அவர் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"எடுக்கேல்லை அம்மா. உள்ளதான் கிடக்கு. எம்.ஆர்.ஐ.க்குப் போகாதேங்கோ. காந்தம் அதை அசைச்சுப்போடும்."

வைத்தியர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். யூட் என் கையை நோகும்படி இறுக்கினார்.

என் அம்மா இப்போது உயிரோடு இல்லை. தெரிந்தே மறைத்தாரா, அவருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டதா, கேட்க ஆளில்லை.

கட்டி இல்லை. துண்டைச் சுற்றியுள்ள தழும்புதான் வலிப்பைக் கிளப்புகிறதாம். எடுக்கப்போனால் பேச்சே போகலாம் என்றார்கள். மாத்திரையோடு இருக்கிறேன்.

படம் எடுக்கக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆறிப்போனது என்று நினைக்கும் காயத்தையும் சொல்லிவிடுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் கதை தெரியாது.

சண்டை முடிந்து எத்தனையோ வருடம் என்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு நாள் காலையிலும் தலையைத் தூக்கும்போது தொடங்குகிறது. யூட் கடலுக்குப் போனால் நான் கதவைப் பூட்டுவதில்லை. விழுந்தால் அயலவர்கள் உள்ளே வர வேண்டும்.