கேட்காமல் எடுத்த கார்

கண்ணாடிக்காரரைக் கெட்டவர் என்று தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நல்லவர் என்று சொல்லவும் யாருக்கும் சட்டென்று வாய் வராது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. லென்ஸைப் பொருத்திவிட்டு, எதிரில் இருப்பவரின் காதோரம் உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பக்குவத்தைக் கண்டால், மனைவியையும் இப்படித்தான் தாங்குவார் என்று தோன்றும். அவர் தாங்கியது காரை.

பழைய கார்தான். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியாலேயே அதையும் துடைப்பார். "அந்தாளுகிட்ட காரை இரவல் கேட்கிறதுக்குக் கிட்னியைக் கேட்கலாம்பா. யோசிச்சாவது சொல்லுவாரு" என்பார் எதிர்க்கடைக்காரர்.

மனைவிக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே பழகி லைசென்ஸ் வாங்கியவள். முதல் சில வருஷங்கள் கேட்டுப் பார்த்தாள்.

"நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?"

"இந்த நெரிசல்லயா? பேசாம வா."

பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய இடது கால் தானாக அழுந்தி எழும். அவர் அதைக் கவனித்திருந்தார். கவனித்தும் ஒன்றும் சொன்னதில்லை. ஓட்டாதவளுக்கு எதற்கு என்று அவளுடைய லைசென்ஸைப் புதுப்பிக்கவும் இல்லை. அது காலாவதியானது இருவருக்கும் தெரியும்.

ஒரே ஒரு நாள் சாவியைக் கொடுத்தார். பரிசோதனைக்காக அவர் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். எதைப் பார்த்தாலும் மங்கல். மொத்த வியாபாரக் கடையில் லென்ஸ் பார்சல் காத்துக் கிடந்தது.

"நீயே போய் வாங்கிட்டு வந்துடேன்."

"நானா?" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு வேன் குறுக்கே வந்தது. அதற்கு ஒதுங்கப்போய், சைக்கிளில் வந்த ஒரு காவலாளியை இடித்து, சுவரில் மோதினாள். காவலாளிக்கு ஒரு கால் போயிற்று. அவள் வீடு திரும்பவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அந்தக் காருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

"மாமா, உங்க வண்டியை வேற யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஆனா ஓட்டறவங்ககிட்ட உயிரோட ஒரு லைசென்ஸ் இருக்கணும். அக்காவோடது செத்துப்போச்சு. தெரிஞ்சே நீங்க சாவி கொடுத்தீங்கன்னு வந்தா, கம்பெனி அந்தக் காவலாளிக்குக் கொடுத்துட்டு, அவ்வளவையும் உங்ககிட்ட வசூல் பண்ணிடும். கடையும் போயிடும், வீடும் போயிடும்."

"என்ன சொல்லச் சொல்ற?"

"கேட்காம எடுத்துட்டான்னு சொல்லுங்க." சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "என் அக்கா மாமா. எனக்கு மட்டும் வாய் கூசலையா?"

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் விசாரணைக்கு வந்தார். கடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். தம்பியும் இருந்தான்.

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்கல. அவளாவே எடுத்துட்டா."

"சாவி எங்க இருந்தது?"

"கதவோரம் ஆணியில மாட்டியிருக்கும்."

தம்பிக்கு மூச்சு சீராயிற்று.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருக்காங்களா?"

இல்லை என்று சொன்னால் போதும். தம்பி சொல்லிக் கொடுத்திருந்ததும் அதைத்தான். பொய்யை எல்லாம் தடுமாறாமல் சொன்னவருக்கு அந்த ஒரு 'இல்லை' மட்டும் தொண்டையில் நின்றது. ஏனென்றால் அது உண்மை.

"எடுப்பா" என்றார். "மத்தியானம் நான் கண்ணசந்தா போதும், ஏரிக்கரை ரோடு வரைக்கும் போயிட்டு வந்துடுவா. கண்ணாடியை இறக்கி விட்டுட்டு. வரும்போது தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கும். எங்கடி போனேன்னா, சும்மா காத்து வாங்கன்னுவா."

"மாமா..." என்று தம்பி செருமினான்.

"சீட்டை முன்னால இழுத்துப் போட்டுட்டு அப்படியே விட்டுடுவா. நான் ஏறினா முட்டி இடிக்கும். திட்டுவேன். காதுலயே வாங்க மாட்டா. மழை வந்தா கேட்கவே வேண்டாம், சாவி ஆணியில இருக்காது."

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தினார்.

"அப்படின்னா அவங்க ஓட்டறது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லைன்னும் தெரியும். தெரிஞ்சும் தடுக்கல. அப்படித்தானே?"

கொக்கி எங்கே இருக்கிறது என்று அவருக்கு அப்போது புரிந்தது. பின்வாங்க இடமும் இருந்தது.

"எதுக்குத் தடுக்கணும்?" என்றார். "நல்லா ஓட்டுவா."

எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் போனதும் தம்பி எழுந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஏரிக்கரைக்கு என் அக்கா எப்ப மாமா போனா? ஒரு நாள் போனாளா?"

"போகல."

"பின்ன யாரைப் பத்திச் சொன்னீங்க?"

தம்பி வாடிக்கையாளர் நாற்காலியில் விழுந்து, சாவு நாளில்கூட அழாத அழுகை அழுதான். அழுது முடித்ததும் ஏஜென்ட் புத்தி திரும்பி வந்தது.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. துக்கத்துல உளறிட்டார்னு நான் எழுதிக் கொடுக்கறேன். நீங்க அவளுக்கு ஒரு நாள்கூட வண்டியைக் கொடுத்ததில்லைன்னு இந்தத் தெருவே வந்து சொல்லும். எதிர்க்கடைக்காரர் ஒருத்தர் போதும், சத்தியமே பண்ணுவாரு. கடை தப்பிச்சுடும் மாமா."

உண்மைதான். தெருவே சொல்லும். அவர் எழுந்து, மேஜை மேல் கிடந்த ஃபிரேம்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

"யாரையும் கூப்பிடாதே மச்சான்" என்றார். "அவ ஓட்டினான்னே இருக்கட்டும்."

"கடை?"

"போகட்டும்."